சார்ஜரைக் கழற்றினால் வருகிற வியாதி

கணினி திருத்துகிறவர்களில் பாதிப்பேர் கணினியைத் தொடாமலே ஓய்வுபெறுகிறவர்கள். அவர்களோடு ஒரே அறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

போன மாதம் நிரோஷா தொலைபேசி எடுத்தாள். நான் கடைசியாக வேலை செய்த காப்புறுதி நிறுவனத்தில், கணினி உதவிப் பிரிவில் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த பிள்ளை. அந்தப் பிரிவையே மூடுகிறார்களாம். இனி யாருக்காவது கணினி மெதுவாக ஓடினால் திரையில் ஒரு பெட்டி திறக்கும். அதற்குள் இருக்கிற இயந்திரத்தோடு எழுதிக் கதைக்க வேண்டியதுதான்.

"அக்கா, மூடுறதுக்கு முதல் ஒரு மலர் போடுறம். பழைய ஆக்களின்ர இனிமையான நினைவுகள். நீங்களும் ஒண்டு எழுதித் தாங்கோ."

"இனிமையா ஒண்டும் இல்லாட்டி?"

"ஐயோ அக்கா, ரெண்டு பந்தி காணும்."

இரண்டு பந்தி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்ல மனிதர்கள், நல்ல கோப்பி, கிறிஸ்மஸ் விருந்து. மிச்சத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன். இயந்திரம் வந்து மனிதருடைய வேலையை விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி வைக்க மாட்டேன். எங்கள் பிரிவில் பலர் பல வருடமாக அந்த இயந்திரமாகத்தான் இருந்தார்கள். இப்போது அசலை வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் இந்த வேலைக்கு வந்ததில் பெரிய கதை இல்லை. கனடாவுக்கு வந்து தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகப் படித்தேன். சான்றிதழ் கையில் வந்ததும் ஒரு தொலைபேசி உதவி மேசையில் கொண்டுபோய் உட்கார்த்தினார்கள். கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக அச்சடித்து மேசையில் ஒட்டியிருந்தார்கள். அணைத்துவிட்டு மறுபடி போட்டீர்களா என்பது முதல் கேள்வி. உங்களுக்கு வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. முதல் உதவியே கிடைக்காத ஒருவரிடம் வேறு உதவி வேண்டுமா என்று கேட்க எனக்கு வாய் கூசும். கேட்காவிட்டால் புள்ளி குறைப்பார்கள். கேட்டேன்.

பிறகு அந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கு மாறினேன். நோர்த் யோர்க்கில், சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலேயே கட்டடம். அங்கே நேரில் போய்த் திருத்துகிற வேலை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வைஃபை இழுபடுகிறது என்று ஒருவர் சொன்னால் பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் எங்கே, எப்போது, என்ன செய்யும்போது என்று கேட்க வேண்டும். அவருக்கு மட்டுமா, பக்கத்தில் இருப்பவருக்குமா என்று பார்க்க வேண்டும். கேபிளைச் செருகினால் சரியாகிறதா என்று பார்க்க வேண்டும். சரியானால் குற்றம் காற்றில் வருகிற இணைப்பில் இருக்கிறது. அதன் பிறகு கணினியிலிருந்து றவுற்றருக்கு, அதாவது வைஃபையைப் பரப்புகிற பெட்டிக்கு, சின்னச் சின்னச் செய்திகளை அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் பதில் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் அடாப்ரரைத் தொட வேண்டும். அடாப்ரர் என்பது மடிக்கணினிக்குள் இருந்துகொண்டு இணையத்தைக் காற்றில் வாங்கிக் கொடுக்கிற சின்ன அட்டை. இந்த ஒழுங்கில் முதல் இரண்டுக்கும் கணினியே வேண்டாம். கேட்கிற வாயும், பதிலைக் காது கொடுத்துக் கேட்கிற பொறுமையும் போதும். அந்தப் பொறுமை எங்கள் பிரிவில் எவரிடமும் இருக்கவில்லை.

ஆனால் ஆளைப் பார்த்துப் பொறுமை வரும். கொரோனாக் காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்தபோது, றிச்மண்ட் ஹில்லில் வீடுள்ள ஒரு பணிப்பாளர் தன் மடிக்கணினி இழுபடுகிறது என்றார். புது மடிக்கணினி போனது. அதுவும் இழுபட்டது. இன்னொன்று போனது. எங்கள் மேலாளர் தூரத்து விட்பியிலிருந்து தன் காரில் அதைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தான். மூன்றாவதும் இழுபட்ட பிறகுதான் அழைப்பு என்னிடம் வந்தது. றவுற்றர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மனைவிக்கு அந்தப் பெட்டியைக் கண்ணில் காட்டக் கூடாதாம். அதனால் மீன்தொட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். சுவரளவு மீன்தொட்டி. தண்ணீர் வைஃபையை நன்றாகக் குடிக்கும். மீன்களுக்கு இணையம் திறமாக வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பெட்டியை அலுமாரிக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது. மூன்று மடிக்கணினிகளில் ஒன்றைக்கூட அவர் திருப்பித் தரவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

விட்பியிலிருந்து காரோட்டிய அந்த மேலாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் குமரன். அலுவலகத்தில் கென். சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். எனக்குப் பன்னிரண்டு வயது இளமை. என்னைத் தனியாகக் கண்டால் அக்கா என்பான். நாலு பேர் நின்றால் வசந்தி. காலையில் கோப்பிக் கோப்பையோடு ஒவ்வொரு மேசையாக வந்து, நாற்காலியின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு, எங்கள் திரையைப் பார்ப்பான். முறைப்பாடுகளுக்கு ரிக்கற் என்று பெயர். எத்தனை ரிக்கற் திறந்திருக்கிறது என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவன் வாசித்ததை நான் காணவில்லை. "இதைக் க்ளோஸ் பண்ணுவமே?" என்பான். கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் பதில் வருவதற்குள் அடுத்த மேசைக்குப் போயிருப்பான். அவனுடைய கை ஒரு விசைப்பலகையில் பட்டதை நான் கண்டதேயில்லை. மேசையில் கண்ணாடியில் செய்த ஒரு பச்சை இலை இருக்கும். நிறுவனத்தின் மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்காகக் கிடைத்த பரிசு. எப்படி மிச்சம் பிடித்தான் என்பது பிறகு வருகிறது.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின குளிர்காலம். ஒரு நாள் பகல், திறந்திருந்த ரிக்கற்றுகளில் ஒன்றை எடுத்தேன். கார் விபத்து இழப்பீடுகளைப் பரிசோதிக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டெனிஸ் என்ற பெண். வைஃபை இழுபடுகிறது. இதற்கு முதலும் இரண்டு தடவை எழுதியிருக்கிறாள். இரண்டு தடவையும் எங்கள் ஆட்கள் போய்ப் பார்த்துக் குற்றம் எதுவும் இல்லை என்று சொல்ல, கென் மூடியிருக்கிறான். மூன்றாவதையும் கென் காலையிலேயே மூடிவிட்டான். அது எப்படியோ மறுபடி திறந்து கிடந்தது. அவள்தான் திறந்திருக்க வேண்டும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்தது. எழும்பிப் போனேன்.

டெனிஸுக்கு முப்பது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய முடி. நான் வணக்கம் சொன்னதும் தன் காதைக் காட்டிக் கையை ஆட்டினாள். பிறகு திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள். பிறவியிலேயே காது கேளாது. எங்களுடைய பேச்சு முழுவதும் அந்தப் பக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்தது. அதைத் தமிழில் தருகிறேன்.

நான் ஒழுங்குப்படி எல்லாவற்றையும் பார்த்தேன். றவுற்றரிலிருந்து பதில் கண் வெட்டுவதற்குள் வந்தது. படம் ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இங்கே நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்று எழுதினேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகமாகத் தட்டினாள். "உங்களுக்கு முதல் வந்த இரண்டு பேரும் இதையே எழுதினார்கள். என் மேசையில் பிழை என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. கூட்டங்களில் என்று எழுதினேன். நீங்கள் எல்லோரும் ஏன் என் மேசைக்கே வருகிறீர்கள்? மேசையில் பலகாரம் வைத்திருக்கிறேனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விவரமாக எழுதினாள்.

கூட்டங்களில் அவளுடைய மடிக்கணினியில் ஒரு சைகைமொழிபெயர்ப்பாளர் இருப்பார். வேறு நகரத்தில், தன் வீட்டில் இருந்தபடி, அறையில் பேசுவதை மைக் வழியாகக் கேட்டு, திரையில் கையால் சொல்லுவார். டெனிஸ் கையால் சொல்வதைக் கமெராவில் பார்த்து வாயால் சொல்லுவார். மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும், கூட்டம் நடக்கும். டெனிஸுக்குப் படம்தான் மொழி. படம் உறைந்தால் ஒரு வசனத்தின் நடுப்பகுதி காணாமல் போகும். அவளுடைய கை அங்கே பாதியில் நின்றால், மொழிபெயர்ப்பாளர் மன்னிக்கவும், மறுபடி சொல்லுங்கள் என்பார். அறையில் இருப்பவர்களுக்கு அது மடிக்கணினியின் தவறாகத் தெரியாது. டெனிஸ் திரும்பத் திரும்பச் சொல்லுகிற ஆளாகத் தெரிவாள்.

"யாராவது பகிடி விட்டால் எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு நான் சிரிக்கிறேன். கூட்டங்களில் கிரகிப்பது மெதுவு என்று என் பிரிவுத் தலைவி எழுதி வைத்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை என் பயிற்சிக்காலம் முடிகிறது. உபதலைவரும் இருப்பார். அந்தக் கூட்டத்தில்தான் வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு."

"வாருங்கள், கூட்ட அறைக்குப் போவோம்" என்று எழுதினேன்.

அவள் சார்ஜரைக் கழற்றிப் போட்டுவிட்டு, மடிக்கணினியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கண்ணாடிச் சுவர் போட்ட பெரிய அறை. உட்கார்ந்து அதே படத்தை ஓட்டினேன். ஓடியது, நின்றது, குதித்தது, நின்றது. றவுற்றருக்குச் செய்தி அனுப்பினேன். மேசையில் கண் வெட்டுவதற்குள் வந்த பதில் இங்கே அரை வினாடி எடுத்தது. சிலது வரவேயில்லை. டெனிஸ் இரண்டு கையையும் விரித்து, பார்த்தீர்களா என்பது போல என்னைப் பார்த்தாள்.

அறையில் வைஃபை பலவீனம் என்று நினைத்தேன். இல்லை, கூரையிலேயே வைஃபைப் பெட்டி இருந்தது. என்னுடைய மடிக்கணினியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அதே மாடல், அதே அறை. என்னுடையது பறந்தது. கொஞ்ச நேரம் எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. மேசைக்கும் அறைக்கும் நடுவில் என்ன மாறியது என்று அவளிடமே கேட்டேன்.

அவள் யோசித்துவிட்டு எழும்பிப் போனாள். கையில் சார்ஜரோடு திரும்பி வந்து, மேசையின் தலைப்பக்கம் போய், அங்கே தரையில் இருந்த மின்செருகியில் குத்தினாள். பதில் வர எடுக்கும் நேரத்தைக் காட்டிய எண்கள் அந்தக் கணமே விழுந்தன. கழற்றினாள். ஏறின. குத்தினாள், விழுந்தன. நாங்கள் இரண்டு பேரும் விளக்குச் சுவிச்சோடு விளையாடுகிற பிள்ளைகள் மாதிரி அதைப் போட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அடாப்ரரின் அமைப்பைத் திறந்தேன். பற்றரியில் ஓடும்போது ஆகக்கூடிய மின்சேமிப்பு என்று போட்டிருந்தது. அதாவது பற்றரியை மிச்சம் பிடிப்பதற்காக அடாப்ரர் வேலை நடுவிலேயே குட்டித் தூக்கம் போடும். அது கண் திறக்கும்வரை வருகிற படமெல்லாம் வாசலில் காத்து நிற்கும். சில றவுற்றர்களோடு அந்தத் தூக்கம் பேய்த்தூக்கமாகிவிடும். குரல் சின்னச் சாமான், எப்படியாவது நுழைந்துவிடும். படம் நுழையாது. மாற்றப் போனேன். பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. நிர்வாகி பூட்டி வைத்திருக்கிறார் என்று ஒரு வரி.

நிர்வாகி யார்? பச்சை இலைக்காரன். முழு நிறுவனத்தின் மடிக்கணினிகளுக்கும் ஒரே நாளில் இந்த விதியைப் போட்டு, மின்சாரத்தை மிச்சம் பிடித்ததாக அறிக்கை எழுதி, அந்த இலையை வாங்கியிருந்தான். எங்கள் பிரிவு ஆட்கள் தங்களுக்கு இழுபடுகிறது என்று முணுமுணுத்தவுடன், எங்கள் மடிக்கணினிகளுக்கு மட்டும் விதியை எடுத்துவிட்டான். அதனால்தான் என்னுடையது பறந்தது. திருத்த வருகிறவனுக்கு வராத நோய், நோயாளிக்கும் இல்லையென்று மூடிக்கொண்டிருந்தோம்.

நேரே அவனுடைய அறைக்குப் போனேன்.

"தம்பி, டெனிஸின்ர லப்டொப்புக்கு அந்தப் பவர் சேவிங்கை எடுத்துவிடுங்கோ."

"ஏன் அக்கா?"

சொன்னேன். அவன் கோப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டான்.

"உது நெற்வேர்க் ரீமின்ர பிரச்சினையா இருக்கும்."

"இல்லை. நான் கழற்றிப் பாத்தன், கொழுவிப் பாத்தன். உது நீங்கள் போட்ட பொலிசி."

"ஒரு ஆளுக்காகப் பொலிசியை மாத்த ஏலாது அக்கா. பிறகு எல்லாரும் கேப்பினம்."

"எங்கட லப்டொப்புகளுக்கு மாத்தினீங்கள்தானே?"

"அது வேற. எங்கட வேலை கிறிற்றிகல்."

"அவவின்ர வேலை போகப் போகுது. வியாழக்கிழமை."

அவன் கண்ணாடி இலையைக் கொஞ்சம் நேராக்கி வைத்தான். "நான் கொமிற்றிக்குக் கொண்டுபோறன். அதுமட்டும் சார்ஜரைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ. இதைக் க்ளோஸ் பண்ணுவமே?"

நான் மேசைக்கு வருவதற்கிடையில் மூடியிருந்தான். பாவனையாளருக்கு அறிவூட்டப்பட்டது என்று காரணம் போட்டிருந்தான். ஒரு பெண் தானே கண்டுபிடித்துத் தந்த உண்மையை அவளுக்கே ஊட்டினானாம்.

உங்களுடைய மடிக்கணினியைக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுக்கப் போனேன். அவளுடைய இழப்பீட்டுக் கோப்புகள் எங்கள் பிரிவின் கணினிகளில் திறக்காது, வாடிக்கையாளர் விவரம். ஆக மிஞ்சியது கென் காட்டிய வழி. டெனிஸ் தோளை உலுக்கிவிட்டுச் சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை பகல் என் திரையில் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. "செருகி இல்லை. அவர் அதற்கு மேலே இருக்கிறார்."

எனக்கு உடனே விளங்கியது. அந்த மேசையின் நடுவில் அழகான மூடி போட்ட செருகிகள் இருந்தன. தளத்தைப் புதுப்பித்தபோது அவற்றின் இணைப்பை வெட்டியவர்கள் மூடிகளை மட்டும் மினுக்கி விட்டிருந்தார்கள். வேறு செருகியிலிருந்து நீட்டுக் கம்பி இழுக்கக் கூடாது என்று கட்டடத்தின் விதி. உயிரோடு இருந்தது தலைப்பக்கத் தரையில் இருந்த ஒன்று மட்டுமே. அந்த நாற்காலியில் எப்போதும் உபதலைவர் ஹோல்டன்தான் இருப்பார். யாரும் எழுதி வைத்ததல்ல. ஆனால் அவர் வராத நாளிலும் அது வெறுமையாகவே கிடக்கும்.

நான் கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். டெனிஸ் மேசையின் மறு கோடியில் இருந்தாள். அவளுடைய திரையில் மொழிபெயர்ப்பாளரின் கைகள் காற்றில் உறைந்து நின்றன. பிரிவுத் தலைவி ஏதோ கேட்டுவிட்டு, பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்தக் காத்திருக்கிற முகத்தை நான் மறக்க மாட்டேன். இரக்கமும் அலுப்பும் கலந்த முகம். முடிவு ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது.

"மன்னிக்க வேண்டும்" என்று ஹோல்டனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். "நீங்கள் எழும்பி அந்தப் பக்கம் போய் இருக்க வேண்டும்."

அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

"ஏன்?"

"உங்களுடைய காலடியில் இருக்கிற மின்செருகி இவருக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த மடிக்கணினி தூங்கும். நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பது மடிக்கணினி தூங்குவதை. டெனிஸ் விழித்துத்தான் இருக்கிறார்."

 கண்ணாடிச் சுவருக்கு வெளியே கென் நின்றான். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கோப்பிக் கோப்பையோடு ஒரு கை, மற்றக் கையால் வெளியே வா, வெளியே வா என்று சைகை. அன்றைக்கு நான் விளங்கிக்கொள்ள மறுத்த சைகைமொழி அது ஒன்றுதான்.

ஹோல்டன் என்னைப் பார்த்தார், டெனிஸைப் பார்த்தார். பிறகு கோப்பியையும் தாள்களையும் தூக்கிக்கொண்டு எழும்பினார். டெனிஸ் வந்து அந்த நாற்காலியில் இருந்தாள். நான் அன்றைக்குச் சேலை கட்டி வராததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்து சார்ஜரைக் குத்தினேன். நிமிர்ந்து பார்த்தபோது திரையில் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. எண்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சாட்டுச் சொல்லி மூலையில் நின்றுவிட்டேன்.

ஹோல்டன் தன் புது இடத்தில் அசைந்து உட்கார்ந்து, "இங்கிருந்து பார்த்தால் அறை வேறு மாதிரி இருக்கிறது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். டெனிஸும் அவர்களோடு சேர்ந்தே சிரித்தாள். அவளுடைய கை அசைந்தது, மடிக்கணினியிலிருந்து மொழிபெயர்ப்பாளரின் குரல் வந்தது. "இங்கிருந்தும் நன்றாகத்தான் இருக்கிறது. நான் இதை வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது."

இந்தத் தடவை சிரிப்பு பெரிதாக வந்தது. பிரிவுத் தலைவி பேனாவைக் கீழே வைத்தார்.

அதன் பிறகு அவள் தன் வேலையைச் சொன்னாள். இரண்டு வேறு விபத்துகளுக்கு, இரண்டு வேறு கார்களுக்கு, ஒரே நெளிந்த கதவின் படத்தை ஒரு கராஜ் அனுப்பியிருந்தது. ஒன்றை இடம் வலமாகத் திருப்பியிருந்தார்கள். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த கடைப் பலகையின் எழுத்துகள் இடம் வலம் மாறி இருந்ததை வைத்து அவள் பிடித்திருந்தாள். ஹோல்டன் கேள்வி கேட்டு முடிக்கிறபோது பதில் வந்துகொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முந்தின கூட்டத்திலும் இதைச் சொன்னதாகவும், அப்போது படம் நின்றுவிட்டதாகவும் அவள் சொன்னபோது, பிரிவுத் தலைவியின் முகம் சிவந்தது. எனக்கு அவர்மீது இரக்கம் வரவில்லை. அவரும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

வெளியே வந்ததும் கென் என்னைச் சுவரோரம் மறித்தான்.

"அக்கா, என்ன வேலை பாத்தனீங்கள்? அவரைப் போய் எழுப்பலாமே?"

"எழுப்பினன். எழும்பினார்."

அவன் அடுத்ததைச் சொல்வதற்குள் ஹோல்டனே வந்துவிட்டார். இந்தத் தூக்கத்துக்கு யார் காரணம் என்று கேட்டார். நான் கென்னைப் பார்த்தேன். கென் ஒரு கணமும் தடுமாறவில்லை. அந்தத் திறமையை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன். "இதைத்தான் நாங்கள் சில வாரமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்" என்றான். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் முழு நிறுவனத்தின் மடிக்கணினிகளிலிருந்தும் அந்த விதியை எடுத்துவிட்டான். கொமிற்றி கூடியதாக நான் கேள்விப்படவில்லை.

டெனிஸை நிரந்தரமாக்கினார்கள். நியாயமாகப் பார்த்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் நிறுவனத்தில் ஒருவர் தன் குப்பையைத் தானே கூட்டி அள்ளினால் அதற்கும் பரிசு உண்டு. வசந்தகாலத்தில், எல்லோரையும் உள்வாங்கும் பணியிடம் என்றோ என்னவோ ஒரு தலைப்பில், கென்னுக்கு விருது. கீழ்த்தள மண்டபத்தில் கூட்டம், தட்டுத் தட்டாகச் சமோசா. விருதைப் பெற்றதும் கென் நீளமாகப் பேசினான். கேட்பதுதான் எங்கள் பிரிவின் பண்பு என்றான். பேசி முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான்.

பயன்பெற்றவர் நன்றி சொல்வார் என்று டெனிஸை மேடைக்கு அழைத்தார்கள். அவளுக்கு முதல் நாள்தான் சொன்னார்களாம். மாட்டேன் என்று சொல்ல முடியவில்லையாம். அவளுடைய மடிக்கணினியை ஒலிபெருக்கியோடு நானே இணைத்திருந்தேன். டெனிஸ் கூட்டத்தைப் பார்த்து, அமைதியாக, சின்னதாக ஏதோ கையால் சொன்னாள்.

குரல் வரவில்லை.

கென் என் காதுக்குக் கிட்ட வந்தான். "அக்கா, திரும்பவும் வைஃபையோ?"

திரையைப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் கண்ணை வெட்டினார், வாயைத் திறந்து மூடினார். படம் ஒரு சொட்டும் நிற்கவில்லை.

"இல்லை" என்றேன். "மொழிபெயர்க்கிறவ யோசிக்கிறா."

பிறகு குரல் வந்தது, ஒவ்வொரு சொல்லாக, மிகத் தெளிவாக.

"கென்னுக்கு நன்றி. நான் எழுதிய மூன்று முறைப்பாடுகளையும் அவர் வாசிக்காமல் மூடினார். முதலாவதை வாசித்திருந்தால் இந்த விருது அவருக்குக் கிடைத்திருக்காது."

மண்டபத்தில் யாரோ பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். ஹோல்டன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கென்னின் முகத்தில் புகைப்படத்துக்காகப் போட்ட சிரிப்பு அப்படியே இருந்தது, கழற்ற மறந்த மாதிரி. டெனிஸ் மேடையில் தனியாக நின்றாள். 

காது கேளாதவர்கள் கை தட்டுவதில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி விரல்களை அசைப்பார்கள். நான் கையிலிருந்த சமோசாத் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் உயர்த்தி, விரல்களை அசைத்தேன். அவள் என்னைக் கண்டுவிட்டாள்.

"அக்கா" என்றான் கென், உதடு அசையாமல். "எல்லாரும் பாக்கினம். கையைக் கீழ விடுங்கோ."

நான் விடவில்லை.